4 மூட்டை சுட்ட எலும்பு: 5 ஆயிரம் ஆண்டுக்குப் பிறகு "ஊர்" தெரிந்தது!

ஆளை எரித்து விட்டால் எல்லாம் முடிந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கொலைகாரனும் அப்படித்தான் நினைக்கிறான். பிணத்தை எரித்துச் சாம்பலை ஆற்றில் கரைத்து விட்டால் யாருக்குத் தெரியப் போகிறது என்று கணக்குப் போடுகிறான்.

அந்தக் கணக்கு தப்பு என்று காட்டி விட்டது, இங்கிலாந்து நாட்டில் நடந்த ஒரு ஆராய்ச்சி.

அங்கே எரிக்கப்பட்டவர்கள் நேற்று முந்தாநாள் செத்தவர்கள் அல்ல. சுமார் 5 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு சிதையில் வைத்துக் கொளுத்தப்பட்டவர்கள். அவர்களுக்குப் பெயர் கிடையாது. கல்வெட்டு கிடையாது. அந்தக் காலத்தில் அந்த நாட்டில் எழுத்தே கிடையாது. மிஞ்சி இருந்தது 4 சாக்கு மூட்டை எலும்புத் துண்டுகள்தான்.

அதை வைத்துக் கொண்டு, அவர்கள் கடைசிப் பத்துப் பன்னிரண்டு வருஷம் எந்தப் பக்கத்துச் சாப்பாடு சாப்பிட்டார்கள் என்று சொல்லி விட்டார்கள், விஞ்ஞானிகள்! நடுவில் ஐகோர்ட்டு வரை போன ஒரு வழக்கும் உண்டு.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

கல் வட்டம்

லண்டனுக்கு மேற்கே சாலிஸ்பரி என்ற ஊர் இருக்கிறது. அதன் பக்கத்தில் ஒரு பெரிய புல்வெளி. அங்கே ஆள் உயரத்தைப் போல் 3 மடங்கு, 4 மடங்கு உயரத்துக்குக் கற்களை வட்டமாக நட்டு, மேலே உத்தரம் போல் குறுக்குக் கல் வைத்திருக்கிறார்கள். ஸ்டோன்ஹெஞ்ச் என்று பெயர். காலண்டரிலும் பாடப் புத்தகத்திலும் படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு.

இதில் 2 வகைக் கற்கள் உண்டு. பெரிய கற்கள் பக்கத்து வட்டாரத்தைச் சேர்ந்தவை. "நீலக் கல்" என்று சொல்லப்படும் சின்னக் கற்கள் வேறு இடத்துச் சரக்கு. சின்னது என்றால் கையில் தூக்குகிற சின்னது அல்ல, ஒவ்வொன்றும் 2 டன், 3 டன் இருக்கும். அவை மேற்கே வேல்ஸ் பகுதியில் உள்ள பிரெசெலி மலையில் இருந்து வந்தவை. நடுவில் உள்ள தூரம் 200 கிலோ மீட்டருக்கு மேல். லாரி இல்லை, ரெயில் இல்லை, வண்டிச் சக்கரமே இல்லாத காலம்.

கல் எங்கே இருந்து வந்தது என்பது தெரிந்து விட்டது. ஆனால் ஆள்? அதுதான் தெரியாமல் இருந்தது.

யாருக்கும் வேண்டாம்

1919 முதல் 1926 வரை வில்லியம் ஹாலி என்ற ராணுவ அதிகாரி அங்கே தோண்டினார். கற்களுக்கு வெளியே, வட்டமாக 56 குழிகள் இருப்பது தெரிந்தது. 17-ம் நூற்றாண்டில் அந்த இடத்தைப் பார்த்து எழுதி வைத்த ஜான் ஆப்ரியின் பெயரால் அவற்றை "ஆப்ரி குழிகள்" என்கிறார்கள்.

குழியைத் தோண்டத் தோண்ட, சுட்ட எலும்பு வந்தது. சில குவியல்கள் ஒழுங்காக உருண்டு திரண்டு இருந்தன. தோல் பையில் போட்டுக் கட்டிக் கொண்டு வந்து புதைத்திருக்க வேண்டும், பை மட்கிப் போய் எலும்பு மட்டும் அந்த வடிவத்தில் நிற்கிறது என்று ஹாலி கருதினார். அவர் அன்றைக்கு எழுதி வைத்த இந்த ஒரு குறிப்பு, 90 வருஷம் கழித்துப் பெரிய சாட்சியாக வந்து நிற்கப் போகிறது என்பது அவருக்குத் தெரியாது.

எலும்பை என்ன செய்வது? முழு மண்டை ஓடு, முழு எலும்புக்கூடு என்றால் மியூசியங்கள் போட்டி போடும். இது விரல் நகம் அளவு, சுண்டு விரல் அளவுத் துண்டுகள். எடுத்து வைத்துக் கொள்ள யாரும் முன்வரவில்லை. இதில் இருந்து எதையும் கண்டுபிடிக்க அன்றைக்கு வழியும் இல்லை.

கடைசியில் 1935-ம் ஆண்டு ஹாலியுடன் வேலை பார்த்த ராபர்ட் நியூவாலும், வில்லியம் யங் என்பவரும் எல்லாவற்றையும் 4 மூட்டையாகக் கட்டி, 7-ம் நம்பர் ஆப்ரி குழியிலேயே போட்டு மூடி விட்டார்கள். பின்னால் தோண்டுகிறவர்கள் குழம்பக் கூடாது என்று, விவரம் பொறித்த ஒரு ஈயத் தகட்டையும் கூடவே வைத்தார்கள்.

அந்த ஈயத் தகட்டுக்கு ஒரு கும்பிடு போடலாம். இல்லை என்றால் இந்தக் கதையே இல்லை.

மீண்டும் தோண்டினார்கள்

73 ஆண்டு கழிந்தது. 2008-ம் ஆண்டு மைக் பார்க்கர் பியர்சன் தலைமையிலான தொல்பொருள் குழு 7-ம் நம்பர் குழியைத் திறந்தது. தகடு இருந்தது. சாக்கு மட்கி இருந்தது. நான்கு மூட்டையும் ஒன்றோடு ஒன்று கலந்து, யார் எலும்பு யாருடையது என்று தெரியாமல் ஒரே குவியலாகக் கிடந்தது.

எண்ணிப் பார்த்ததில் 50 ஆயிரத்துக்கும் அதிகமான துண்டுகள்!

அதைத் தரம் பிரிக்கும் வேலை கிறிஸ்டி வில்லிஸ் என்ற ஆராய்ச்சி மாணவியிடம் வந்தது. அரிசியில் கல் பொறுக்குவது போன்ற வேலை. ஆனால் இங்கே அரிசியும் கல்தான், கல்லும் கல்தான். இது தொடையா, விலாவா, மண்டையா என்று ஒவ்வொரு துண்டாகப் பார்க்க வேண்டும்.

இதில் ஒரு தந்திரம் உண்டு. மனிதனுக்கு 2 கால், 24 விலா எலும்பு. அதை வைத்து எண்ணினால் ஒரே ஆளை 2 தடவை எண்ணி விடும் ஆபத்து இருக்கிறது. ஆனால் பின்னந்தலையில் இருக்கும் பிடரி எலும்பு ஒரு ஆளுக்கு ஒன்றுதான். காதுக்கு உள்ளே இருக்கும் எலும்பு வலது ஒன்று, இடது ஒன்று. அது உடம்பிலேயே மிகவும் கெட்டியான எலும்பு. தீயிலும் அழியாமல் நிற்கும். ஆகவே பிடரியையும் காதையும் எண்ணினால் தலையை எண்ணிய மாதிரி.

காதுக்குள் போகும் சின்னக் குழாயின் கோணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் கொஞ்சம் மாறும். எலும்புகளை ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு எடுப்பது போல சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். 14 பேர் பெண்கள், 9 பேர் ஆண்கள் என்று தெரிய வந்தது. ஸ்டோன்ஹெஞ்ச் என்றாலே தாடி வைத்த பூசாரிகளையும் ராஜாக்களையும் படம் போட்டுக் காட்டியவர்கள், அங்கே புதைக்கப்பட்டவர்களில் பெண்களே அதிகம் என்பதைக் கேட்டு அசந்து போனார்கள்.

கோர்ட்டுக்குப் போன "ஆர்தர் ராஜா"

இதற்கிடையே வெளியே தகராறு மூண்டது.

இங்கிலாந்தில் புதைத்த உடலைத் தோண்டி எடுக்க 1857-ம் ஆண்டுச் சட்டப்படி அரசாங்க லைசென்ஸ் வேண்டும். ஆராய்ச்சியாளர்களுக்குக் கொடுத்த லைசென்சில், 2 ஆண்டுக்குள் திரும்பப் புதைத்து விட வேண்டும் என்று நிபந்தனை இருந்தது. 50 ஆயிரம் துண்டை 2 வருஷத்தில் பார்த்து முடிக்க முடியுமா? அவகாசம் கேட்டார்கள். நீதி இலாகா 2015-ம் ஆண்டு வரை அவகாசம் கொடுத்தது.

இது கூடாது என்று கிளம்பினார், ஆர்தர் ஊதர் பெண்டிராகன் என்பவர். "துரூயிட்" என்ற பழைய சமயத்தைப் பின்பற்றுகிறவர். பழங்கதையில் வரும் ஆர்தர் ராஜாவின் மறு அவதாரம் நான்தான் என்று சொல்லிக் கொள்பவர். பெயரையே சட்டப்படி அப்படி மாற்றி வைத்துக் கொண்டிருக்கிறார். நீண்ட தாடி, வெள்ளை அங்கி, இடுப்பில் வாள்.

வேஷத்தைப் பார்த்துச் சிரிப்பவர்கள் சிரிக்கலாம். ஆனால் அவர் கேட்ட கேள்வி சிரித்து ஒதுக்கக் கூடியது அல்ல. செத்தவர்களை அவர்கள் இடத்திலேயே நிம்மதியாக விட வேண்டாமா, அவர்கள் எங்கள் முன்னோர்கள் இல்லையா என்றுதான் அவர் கேட்டார். நம் வீட்டுப் பெரியவரின் அஸ்தியை ஒருவர் டப்பாவில் போட்டு ஆராய்ச்சிக்கு எடுத்துப் போனால் சும்மா இருப்போமா?

வழக்கு லண்டன் ஐகோர்ட்டுக்குப் போனது. 2011-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நீதிபதி வின் வில்லியம்ஸ் முன் விசாரணைக்கு வந்தது. இலாகா நியாயம் இல்லாமல் நடந்து கொண்டது என்று காட்டப் போதுமான ஆதாரம் இல்லை என்று சொல்லி, வழக்கை மேற்கொண்டு நடத்த நீதிபதி அனுமதி மறுத்தார். பெண்டிராகன் தோற்றார். எலும்பு ஆராய்ச்சிக் கூடத்திலேயே இருந்தது.

அன்றைக்குத் தீர்ப்பு வேறு மாதிரி வந்திருந்தால், அடுத்து நடந்தது எதுவுமே நடந்திருக்காது.

தீ அழிப்பது எது? வைப்பது எது?

சுடுகாட்டில் மறுநாள் பால் ஊற்றி எலும்பு பொறுக்கப் போனவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். எரிந்த உடல் முழுவதும் சாம்பல் ஆவது இல்லை. வெள்ளையாக, லேசாக, தட்டினால் பீங்கான் போல் சத்தம் கொடுக்கும் துண்டுகள் கிடக்கும்.

அந்த நிறமே ஒரு தெர்மாமீட்டர். எலும்பு சுமார் 300 டிகிரி சூட்டில் கருத்துப் போகும். சூடு ஏற ஏறச் சாம்பல் நிறம் வரும். 600, 700 டிகிரியைத் தாண்டினால்தான் வெள்ளை. ஒரு துண்டு வெள்ளையாகவும், பக்கத்துத் துண்டு கறுப்பாகவும் இருந்தால் விறகு போதவில்லை, அல்லது அந்தப் பக்கம் காற்று போகவில்லை என்று அர்த்தம்.

வெடிப்பைப் பார்த்தும் சொல்லலாம். சதையோடு எரிந்த எலும்பு முறுக்கிக் கொள்ளும். அதில் பிறை போல வளைந்த வெடிப்புகள் விழும். பல காலம் காய்ந்து கிடந்த எலும்பை எடுத்து எரித்தால் பெரும்பாலும் நேராக வெடிக்கும். செத்தவுடன் எரித்தார்களா, புதைத்துத் தோண்டி எடுத்து எரித்தார்களா என்பதை நிபுணர்கள் இதை வைத்துத்தான் ஊகிக்கிறார்கள். இன்றைய கொலை வழக்குகளிலும் தடய நிபுணர்கள் இதே வெடிப்பைத்தான் பார்க்கிறார்கள்.

சரி, வயது? பழைய எலும்புக்கு வயது சொல்ல கார்பன்-14 சோதனை செய்வார்கள். அதற்கு எலும்புக்குள் இருக்கும் கொலாஜன் என்ற பசைப் பொருள் வேண்டும். தீ முதலில் தின்பதே அதைத்தான். அதனால் சுட்ட எலும்புக்கு வயது பார்க்க முடியாது என்று பல காலம் கைவிட்டு விட்டார்கள்.

அந்தக் கதவைத் திறந்தவர்கள் ஹாலந்து நாட்டில் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லான்டிங் குழுவினர். பசை எரிந்து போனாலும், எலும்பின் தாதுப் பொருளுக்குள் கொஞ்சம் கார்பன் சிக்கிக் கொண்டு நிற்கிறது, அதை வைத்து வயது பார்க்கலாம் என்று 2001-ல் விளக்கமாக எழுதினார்கள். அந்த வழியில் பார்த்ததில்தான் 7-ம் நம்பர் குழி எலும்புகளின் காலம் கி.மு. 3180-க்கும் 2380-க்கும் இடைப்பட்டது என்று தெரிந்தது. அதாவது, ஒரே நாளில் செத்தவர்கள் அல்ல. தலைமுறை தலைமுறையாகக் கொண்டு வந்து புதைத்திருக்கிறார்கள். பெரிய கற்கள் நிற்பதற்குப் பல நூறு வருஷம் முன்பே அது சுடுகாட்டுச் சாம்பல் புதைக்கும் இடமாக இருந்திருக்கிறது.

மண் போடும் முத்திரை

இனிதான் முக்கியமான கட்டம்.

ஸ்ட்ரான்சியம் என்று ஒரு உலோகம். தீபாவளி மத்தாப்பில் சிவப்பு நிறம் தருவதற்குக் கலக்கிறார்களே, அதுதான். இது பாறையில் இருக்கிறது. பாறை தேய்ந்து மண் ஆகிறது. மண்ணில் இருந்து செடிக்குப் போகிறது. செடியை மாடு தின்கிறது. இரண்டையும் மனிதன் தின்கிறான். ஸ்ட்ரான்சியம் பார்ப்பதற்குக் கால்சியத்தின் தம்பி மாதிரி. உடம்பு ஏமாந்து போய், கால்சியத்தோடு அதையும் எலும்பில் சேர்த்து விடுகிறது.

ஸ்ட்ரான்சியத்தில் 87, 86 என்று எடை வித்தியாசமான ரகங்கள் உண்டு. மிகப் பழைய பாறையில் 87 ரகம் கொஞ்சம் அதிகம் இருக்கும். ரூபிடியம் என்ற இன்னொரு பொருள் கோடிக்கணக்கான வருஷமாகச் சிதைந்து 87 ஆக மாறிக் கொண்டே இருப்பதுதான் காரணம். ஸ்டோன்ஹெஞ்ச் நிற்பது சுண்ணாம்புத் தரை. பாறைக் கணக்கில் அது இளசு. வேல்ஸ் மலைகள் கிழம். ஆகவே சுண்ணாம்புத் தரையில் விளைந்ததைத் தின்றவனின் எலும்பில் ஒரு கணக்கு. வேல்ஸ் மண்ணில் விளைந்ததைத் தின்றவனின் எலும்பில் வேறு கணக்கு. வித்தியாசம் தசமப் புள்ளிக்குப் பிறகு மூன்றாவது எண்ணில்தான் வரும். ஆனால் கருவி அதைப் பிடித்து விடும்.

வழக்கமாக இந்தச் சோதனையைப் பல்லில்தான் செய்வார்கள். பல்லின் மேல் பூச்சு கெட்டியானது. எரித்த பிணத்தில் அதுவும் கிடைக்காது. சூட்டில் பல் வெடித்துச் சிதறிப் போகும்.

எலும்பில் பார்க்கலாம் என்றால், வேறு ஒரு சந்தேகம். 5 ஆயிரம் வருஷம் மண்ணுக்குள் கிடந்த எலும்பு, அந்த மண்ணின் ஸ்ட்ரான்சியத்தை உறிஞ்சி இருக்காதா? எரிக்காத எலும்பு உறிஞ்சத்தான் செய்யும். அதனால் அதை நம்ப முடியாது.

இங்கேதான் பெல்ஜியம் நாட்டைச் சேர்ந்த கிறிஸ்டோப் ஸ்னூக் என்ற இளைஞர் வருகிறார். ஆக்ஸ்போர்டில் டாக்டர் பட்டத்துக்குப் படித்தபோது அவர் ஒரு சோதனை செய்தார். வெள்ளையாகும் வரை எரித்த எலும்பை ஸ்ட்ரான்சியம் கலந்த திரவத்தில் ஊறப் போட்டார். பிறகு அமிலத்தில் கழுவினார். வெந்து வெளுத்த எலும்பில் ஒட்டிய வெளி அழுக்கு கிட்டத்தட்ட எல்லாம் கழுவிக் கொண்டு போய் விட்டது!

காரணம் இதுதான்: கடுமையான சூட்டில் எலும்பின் தாதுப் பொருள் இறுகிப் பெரிய பெரிய படிகமாக மாறி விடுகிறது. செங்கல் சூளையில் பச்சை மண் வெந்து கல் ஆவது போல. பச்சை மண் தண்ணீரில் கரையும், வெந்த செங்கல் கரையாது. எந்தத் தீ சாட்சியை அழித்தது என்று எல்லோரும் நொந்து கொண்டார்களோ, அதே தீதான் சாட்சியைப் பூட்டி வைத்திருந்தது. 2015-ல் இந்தச் சோதனை முடிவு வெளியானது.

10 பேர் வெளியூர்

அடுத்து 7-ம் நம்பர் குழி எலும்பு. பிடரி எலும்பை வைத்து 25 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரே ஆளை 2 முறை சோதிக்கக் கூடாதே, அதற்காகத்தான் பிடரி. ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு வேல்ஸ் பகுதியில் செடி கொடிகளையும் சேகரித்துச் சோதித்தார்கள். ஆக்ஸ்போர்டு பேராசிரியர்கள் ரிக் ஷுல்டிங், ஜூலியா லீ-தார்ப் ஆகியோர் துணை நின்றார்கள்.

2018-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் முடிவு வெளியானது.

25 பேரில் 15 பேர் உள்ளூர்க் கணக்கு. மீதி 10 பேர் கணக்கு, சுண்ணாம்புத் தரைக்குப் பொருந்தவில்லை! எலும்பு ஓயாமல் கரைந்து புதிதாக வளர்ந்து கொண்டே இருக்கும். அதனால் அது காட்டுவது சாவதற்கு முந்தைய பத்துப் பன்னிரண்டு வருஷத்துச் சாப்பாட்டை. அந்த 10 பேரும் கடைசிக் காலத்தை அங்கே கழித்தவர்கள் அல்ல. நாட்டின் மேற்குப் பகுதியில் இருந்தவர்கள். நீலக் கல் வந்த அதே வேல்ஸ் பகுதி அந்தக் கணக்குக்குச் சரியாகப் பொருந்தியது.

வேல்ஸ்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. மேற்கே அதே கணக்கு வரும் மண் வேறு இடங்களிலும் உண்டு. விஞ்ஞானிகளும் அப்படி அடித்துச் சொல்லவில்லை. போலீஸ் மொழியில் சொன்னால் இது சந்தர்ப்ப சாட்சியம். ஆனால் கல்லும் அந்தப் பக்கம், ஆளும் அந்தப் பக்கம் என்றால் எந்த இன்ஸ்பெக்டரும் முதலில் அங்கேதான் ஜீப்பை விடுவார்.

விறகும் பேசியது

இன்னொரு தடயமும் சிக்கியது. சிதை எரியும்போது விறகில் இருந்து வரும் வாயுவின் கார்பன், எலும்புக்குள் ஏறி விடுகிறது. அடர்ந்த காட்டில், வெயில் படாமல் வளர்ந்த மரத்துக்கும், வெட்டவெளியில் வளர்ந்த மரத்துக்கும் கார்பன் ரகத்தில் வித்தியாசம் உண்டு. ஸ்டோன்ஹெஞ்ச் வட்டாரம் வெட்டவெளி. வேல்ஸ் பக்கம் அடர்ந்த காடு.

வெளியூர்க் கணக்குக் காட்டிய சிலரின் எலும்பில் இருந்தது, அடர்ந்த காட்டு விறகின் முத்திரை!

அப்படியானால் அவர்கள் ஸ்டோன்ஹெஞ்ச் வந்து சாகவில்லை. சொந்த மண்ணிலேயே செத்து, அங்கே வெட்டிய விறகிலேயே எரிக்கப்பட்டு, எலும்பாக இங்கே வந்து சேர்ந்திருக்க வேண்டும். அஸ்தியைக் கலயத்தில் கட்டிக் கொண்டு ராமேசுவரத்துக்கும் காசிக்கும் ரெயில் ஏறுகிறவர்களுக்கு இது ஒன்றும் விளங்காத விஷயம் அல்ல.

தோல் பை வடிவத்தில் எலும்புக் குவியல் கிடந்தது என்று ஹாலி எழுதி வைத்தாரே, அது இப்போது எல்லோருக்கும் ஞாபகம் வந்தது.

200 கிலோ மீட்டர். காடு, ஆறு, மேடு பள்ளம். கல்லை இழுத்துக் கொண்டு வந்தவர்களோடு அந்தத் தோல் பைகளும் வந்தனவா? இல்லை, கல் வந்து நின்ற பிறகு, சொந்த பந்தங்கள் தனியாகச் சுமந்து வந்தார்களா? கல் வந்த காலமும், சில எலும்புகளின் காலமும் ஒட்டி வருவதால் முதல் ஊகத்துக்கே பலர் வாக்கு அளிக்கிறார்கள்.

வந்தவர்கள் பெரிய இடத்து ஆட்களா, கல் இழுத்த கூலியாட்களா என்பதை எலும்பு சொல்லவில்லை. ஹாலி தோண்டிய காலத்தில் ஒரு எலும்புக் குவியலோடு, வழவழப்பாகத் தேய்த்து நடுவில் துளை போட்ட ஒரு கல் சுத்தித் தலை கிடைத்தது. வேலைக்கு ஆகாது, கையில் பிடித்துக் கொண்டு கவுரவமாக நிற்பதற்குத்தான் ஆகும். அது யாருடைய கையில் இருந்ததோ, அவருக்கு ஊரில் செல்வாக்கு இருந்திருக்கிறது.

உள்ளூர் 15 பேருக்கும் வெளியூர் 10 பேருக்கும் தனித்தனி இடம் இருந்ததா என்று இனிப் பார்க்க வழி இல்லை. 1935-ல் நான்கு மூட்டையாகக் கட்டியபோதே அந்த எல்லைக்கோடு கலைந்து விட்டது.